காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா? டிக்கன்ஸ் நாவலை வகுப்பில் நடத்திய அனுபவம்

‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை முதன்முதலாக நடத்திய ஆண்டில், மாணவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று முதல் வகுப்பிலேயே பாத்திரங்களின் உறவுகளைக் கரும்பலகையில் வரைந்துவிட்டேன். கொல்லர் வீட்டில் வளரும் சிறுவன் பிப், சதுப்பு நிலத்தில் பயந்து நடுங்கியபடி உணவு கொண்டுபோய்க் கொடுத்த கைதி, மாக்விட்ச். பிப் உயிராக நேசிக்கும் எஸ்டெல்லா அந்தக் கைதியின் மகள். அவளை வளர்த்தவர் மிஸ் ஹாவிஷாம். அவரைத் திருமண நாளன்று கைவிட்டுப் போனவன் காம்பேசன். மாக்விட்சைக் குற்றத்தில் இழுத்துவிட்ட கூட்டாளியும் அதே காம்பேசன்தான். மிஸ் ஹாவிஷாமுக்கும் மாக்விட்சுக்கும் ஒரே வழக்கறிஞர், ஜாகர்ஸ். எஸ்டெல்லாவைப் பெற்ற மாலி, அந்த ஜாகர்ஸின் வீட்டில் வேலைக்காரி.

கடைசி அம்புக்குறியைப் போட்டு முடிப்பதற்குள் வகுப்பு சிரித்துவிட்டது. “மேடம், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக அல்லவா இருக்கிறது!” என்றான் பின்வரிசையில் ஒருவன். “ஒரு பழம் விழுந்தால் பரவாயில்லை, இங்கே தோப்பே விழுகிறது” என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். டிக்கன்ஸ் தம்முடைய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழில் 1860 டிசம்பர் 1 முதல் 1861 ஆகஸ்ட் 3 வரை 36 வாரங்கள் இதைத் தொடராக எழுதினார். வாசகரை வாராவாரம் இழுத்துப்பிடிக்க எதிர்பாராத சந்திப்புகள் தேவைப்பட்டன. அக்கால நாவல்களில் தற்செயல் சகஜம். எல்லாம் உண்மைதான். ஆனால் அது ஒரு சமாதானம்; அவர்களுடைய கேள்விக்குப் பதில் ஆகாது. மாணவர்கள் பணிவாக எழுதிக்கொண்டார்கள். பருவத்தேர்வில் பாதிப் பேர் ‘தற்செயல் இந்த நாவலின் குறை’ என்று ஒரு வரி எழுதி நகர்ந்திருந்தார்கள். ஒருவர்கூட ஒரு காட்சியைத் தொட்டிருக்கவில்லை. அந்த விடைத்தாள்களைத் திருத்தியபோது எனக்கு உண்மையாகவே வலித்தது. நான் இளமையில் இரவெல்லாம் விழித்திருந்து படித்த நாவல் அது.

இப்போது நான் அதை வேறு விதமாக நடத்துகிறேன். அந்த மாற்றத்துக்குக் காரணம் ஒரு மழைக்காலம்.

அந்த ஆண்டு தொடர் மழையால் கல்லூரிக்கு விடுமுறை மேல் விடுமுறை. திரும்பி வந்தபோது மூன்றாம் அத்தியாயம் யாருக்கும் நினைவில் இல்லை. அதை மறுபடி வாசித்துவிட்டு, அதே மணி நேரத்தில் எட்டாம் அத்தியாயத்தையும் வாசித்தேன். திட்டமிட்டுச் செய்தது அன்று. நேரம் போதாமல் செய்தது. வாசித்து முடித்ததும் அதுவரை வகுப்பில் வாய் திறக்காத ஒரு மாணவி எழுந்து நின்றாள். “மேடம், இரண்டிலும் சாப்பாடு வருகிறது. இரண்டிலும் நாய் வருகிறது” என்றாள்.

அவள் சொன்னதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நான் கற்றுக்கொண்டது முழுவதும் இங்கிருந்துதான் கிளைத்தது.

மூன்றாம் அத்தியாயம், கிறிஸ்துமஸ் காலை. பனிமூட்டம் கவிந்த கென்ட் சதுப்பு நிலத்தில், வீட்டிலிருந்து திருடிய ரொட்டி, பாலாடைக்கட்டி, பிராந்தி, பன்றி இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரம் ஆகியவற்றுடன் பிப் கைதியிடம் போகிறான். கைதி உண்பதைப் பார்க்கும்போது தங்கள் வீட்டு நாய் உண்பது அவன் நினைவுக்கு வருகிறது: அதே வெடுக்கென்ற கடி, யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்ற அதே பக்கப்பார்வை. ஆனாலும் சிறுவன் இரக்கத்தோடு, ‘நீங்கள் விரும்பிச் சாப்பிடுவது எனக்கு மகிழ்ச்சி’ என்கிறான். கைதி நன்றி சொல்கிறான். எட்டாம் அத்தியாயத்தில் பிப் மிஸ் ஹாவிஷாமின் வீட்டுக்கு முதல்முறையாகப் போகிறான். சீட்டாடி முடிந்ததும் எஸ்டெல்லா ரொட்டியும் இறைச்சியும் ஒரு சிறு குவளைப் பீரும் கொண்டுவருகிறாள். குவளையை முற்றத்துக் கல்லின் மேல் வைக்கிறாள். அவன் முகத்தைப் பார்க்காமலே உணவைக் கொடுக்கிறாள், தவறு செய்து தண்டனை பெற்ற நாய்க்குக் கொடுப்பதைப் போல. அவள் போன பிறகு பிப் சுவரை உதைத்து, தலைமயிரைப் பிடித்து முறுக்கிக்கொண்டு அழுகிறான்.

முதல் காட்சியில் பிப் கொடுப்பவன், நாயைப் போல் உண்பவன் கைதி. இரண்டாவதில் பிப்பே நாயாக்கப்படுகிறான். கொடுப்பவள் அந்தக் கைதியின் மகள். இது பிப்புக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது, முதல்முறை படிக்கிறவருக்கும் தெரியாது. உறவு வெளிப்படுவது ஐம்பதாம் அத்தியாயத்தில்.

மூன்றாவது காட்சியும் உண்டு. லண்டனில் டெம்பிள் என்ற பகுதியில் கனவானாக வாழும் பிப்பைத் தேடி மாக்விட்ச் வந்துவிட்டார். தன்னை வளர்த்துவிட்ட பணம் மிஸ் ஹாவிஷாமுடையது அல்ல, இந்த மனிதர் நியூ சவுத் வேல்ஸில் ஆடு மேய்த்துச் சம்பாதித்தது என்று பிப்புக்கு அப்போதுதான் தெரிகிறது. மறுநாள் காலை உணவு. சதுப்பு நிலத்தில் பார்த்ததற்குப் பிறகு சில பற்கள் போய்விட்டன என்று பிப் கவனிக்கிறான். வலுவுள்ள பல்லில் கடிபடும்படி தலையைச் சாய்த்து மெல்லும்போது அவர் பசித்த கிழட்டு நாயைப் போலவே இருக்கிறார். அதே மனிதர், அதே உவமை, அதே கண்கள். மாறியது பிப்பின் மனம். அன்று ‘மகிழ்ச்சி’ என்ற வாயில் இன்று அருவருப்பு. எட்டாம் அத்தியாயத்தில் எஸ்டெல்லா தன்னைப் பார்த்த பார்வையை அவன் கற்றுக்கொண்டுவிட்டான். அதைக்கொண்டு அவளுடைய தந்தையைப் பார்க்கிறான்.

இதற்குப் பிறகு நான் உறவுப் படம் வரைவதில்லை. முன்கூட்டியே கதைச்சுருக்கமும் தருவதில்லை. மாணவர்கள் கைடில் படித்துவிட்டு வருவார்கள். அதை என்னால் தடுக்க முடியாது. ஆனால் வகுப்பில் அந்த ரகசியத்தை நான் முதலில் எடுப்பதில்லை. மூன்று காட்சிகளிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு வரிகளை ஒரே தாளில் அருகருகே அச்சிட்டு நகல் எடுத்துக் கொடுக்கிறேன். மூன்று தனித்தனித் தாள்களாகக் கொடுத்துப் பார்த்தேன், பலனில்லை. கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். பிறகு ‘எது மாறியிருக்கிறது?’ என்ற ஒரே ஒரு கேள்வி. ‘எது ஒன்றுபோல் இருக்கிறது?’ என்று கேட்டால் பட்டியல் வரும். ரொட்டி, இறைச்சி, நாய் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். மாற்றத்தைக் கேட்டால்தான் பாத்திரத்தின் மனத்துக்குள் போகிறார்கள்.

இப்படிப் படித்த வகுப்பில் எஸ்டெல்லா யாருடைய மகள் என்ற இடம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சிலர் தாங்களாகவே அந்தத் தாளைத் தேடி எடுத்தார்கள். தற்செயல் அவர்களுக்குத் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. காட்சிகள் அதுவரை உணர்த்திக்கொண்டிருந்த ஓர் உறவை, கதை கடைசியில் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டது. அவ்வளவுதான். ஆகவே என் வரிசை இப்போது இதுதான்: இணைக் காட்சிகள் முதலில், உறவு பிறகு.

வாரத் தொடர் என்ற செய்திக்கும் இப்போது வகுப்பில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சதுப்பு நிலக் காட்சியைப் படித்த வாசகர் டெம்பிள் காட்சிக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆயிற்று. இடையில் அவர் மறக்காமல் இருக்க நாய், கைதி தன் கால்விலங்கை அறுக்கக் கேட்ட அரம், ஒரு பவுண்டு நோட்டுகள் இரண்டு போன்றவற்றைத் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு பருவம் முழுக்க, விடுமுறைக்கும் தேர்வுக்கும் இடையில் துண்டு துண்டாகப் படிக்கும் எங்கள் மாணவர்களின் நிலையும் ஏறக்குறைய அதுவே. எனவே பொருள்களைப் பின்தொடரச் சொல்கிறேன். ஒரு மாணவர் அரத்துக்குப் பொறுப்பு, ஒருவர் கால்விலங்குக்கு, ஒருவர் நோட்டுகளுக்கு. அந்த நோட்டுகள் பத்தாம் அத்தியாயத்தில் ஒரு முன்பின் தெரியாதவன் கொடுத்த ஷில்லிங்கைச் சுற்றி வருகின்றன. 28இல் கோச் வண்டியில் போகும் இரு கைதிகளின் பேச்சில் வருகின்றன. 39இல் பிப் கடனைத் தீர்ப்பவனைப் போலப் புதிய நோட்டுகள் இரண்டை நீட்டுகிறான். மாக்விட்ச் அவற்றை மடித்து, முறுக்கி, விளக்கில் கொளுத்திச் சாம்பலைத் தட்டில் போடுகிறார். நோட்டுகளுக்குப் பொறுப்பாக இருந்த மாணவன் அந்த இடத்தை உரக்க வாசித்தபோது, என் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

இதில் ஓர் ஆபத்து உண்டு. ருசி கண்டுவிட்டால் மாணவர்கள் எதையும் எதனோடும் இணைத்துவிடுவார்கள். இரண்டு இடங்களில் மழை பெய்தால் இணைக் காட்சி, இரண்டு பேர் படியேறினால் இணைக் காட்சி. ஒரு பருவம் முழுவதும் இதில் திணறினேன். பிறகு ஒரு சோதனை வைத்துக்கொண்டோம்: பிந்தைய காட்சி முந்தையதைத் தானே நினைவூட்டுகிறதா? சொல்லாலோ, பொருளாலோ, உடல்கள் நிற்கும் நிலையாலோ ஒரு தடயம் இருக்க வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் மாக்விட்சும் காம்பேசனும் சேற்றுப் பள்ளத்தில் கட்டிப் புரள்கிறார்கள்; 54இல் தேம்ஸ் நதியில் நீருக்கடியில் கட்டிப் புரள்கிறார்கள், ஒருவர் மட்டுமே மேலே வருகிறார். இது தேறும். இரண்டு மழைகள் தேறவில்லை.

அடுத்து, தற்செயலையே நேராக எடுத்துக்கொண்டோம். வகுப்பில் ஒவ்வொன்றையும் பார்த்து, ‘இதற்குப் பின்னால் யாருடைய கை இருக்கிறது?’ என்று கேட்டோம். விடை என்னையே வியப்பில் ஆழ்த்தியது. முதல் பார்வைக்குத் தற்செயலாகத் தோன்றுபவற்றில் பெரும்பாலானவை லண்டனில் லிட்டில் பிரிட்டன் தெருவில் உள்ள ஜாகர்ஸின் அலுவலகத்தில் போய் முடிகின்றன. கொலைவழக்கில் மாலியைக் காப்பாற்றியவர் அவர். கூட்டமாகக் குழந்தைகள் வளர்ந்து குற்றவாளிகளாகித் தம்மிடமே வருவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, அந்தக் கூட்டத்தில் ஒரு குழந்தையையாவது காப்பாற்றலாம் என்று மாலியின் மகளை மிஸ் ஹாவிஷாமிடம் சேர்த்தவரும் அவர். 51ஆம் அத்தியாயத்தில் இதை அவர் நேரடியாக ஒப்புக்கொள்ளாமல், ‘இப்படி ஒன்று இருந்தது என்று வைத்துக்கொள்’ என்று வழக்கறிஞர் மொழியிலேயே சொல்வது நாவலின் மிகச்சிறந்த பக்கங்களில் ஒன்று என்பது என் எண்ணம். சிறுவயதில் பிப்போடு சண்டை போட்ட வெளிறிய பையன் ஹெர்பர்ட் லண்டனில் அறைத்தோழனாக வருவதற்கும் காரணம் இருக்கிறது: அவன் மிஸ் ஹாவிஷாமின் உறவினர் மகன், பிப்பை அங்கே தங்கவைத்தவர் ஜாகர்ஸ்.

தற்செயல் என்ற சொல்லையே டிக்கன்ஸ் ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்திருக்கிறார். 44ஆம் அத்தியாயத்தில் பிப் நியாயம் கேட்டு நிற்கும்போது, தனக்கும் அவனுடைய புரவலருக்கும் ஒரே வழக்கறிஞர் அமைந்தது தற்செயல் என்கிறார் மிஸ் ஹாவிஷாம். ஜாகர்ஸுக்கு அப்படிப் பல கட்சிக்காரர்கள் உண்டு. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை என்றும் சொல்கிறார். அந்தத் தற்செயலின் மேல் ஒரு மாளிகையையே கட்டிக்கொண்டவன் பிப். ‘நான் எஸ்டெல்லாவுக்காகவே தயாராக்கப்படுகிறேன்’ என்று நம்பியது அவன்தான். அவன் அப்படி நம்புவதைத் தெரிந்தும் திருத்தாமல் விட்டவர் மிஸ் ஹாவிஷாம். கதாபாத்திரமே தற்செயலைத் தவறாகப் படித்துக் கெட்டுப்போகும் ஒரு நாவலில், தற்செயலை ஆசிரியரின் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது என்று வகுப்பில் சொன்னேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

அப்போது ஒரு மாணவன் சிலப்பதிகாரத்தை எடுத்தான். கோவலன் சிலம்பு விற்க மதுரைக்குள் போய் அணுகுகிற பொற்கொல்லன், அரசியின் சிலம்பைத் திருடியவனாகவே இருக்கிறான். அதைப் படித்து நாம் ஏன் சிரிப்பதில்லை என்று கேட்டான். நல்ல கேள்வி. ஊழ்வினை வந்து ஊட்டும் என்று காப்பியம் பதிகத்திலேயே சொல்லிவிடுகிறது, நாம் அதற்குத் தயாராக உட்காருகிறோம் என்றாள் அவன் தோழி. டிக்கன்ஸிடம் அப்படிப்பட்ட அறிவிப்பு இல்லை. அந்த வேலையை இணைக் காட்சிகள் செய்கின்றன என்ற இடத்துக்கு அந்த விவாதம் தானாக வந்து சேர்ந்தது. உலகம் நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது, ஒருவரையொருவர் அறியாமலே நாம் பிணைந்திருக்கிறோம் என்று டிக்கன்ஸ் சொல்வதுண்டு என்று அவருடைய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதை அன்றுதான் வகுப்பில் சொன்னேன். முதல் நாளில் சொல்லியிருந்தால் அது வெறும் குறிப்பாகப் போயிருக்கும்.

எல்லாவற்றையும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. யாருடைய கையும் தெரியாத முடிச்சுகள் எங்கள் கணக்கில் மிஞ்சின. கைதிக்கு உணவு கொடுத்த அதே சிறுவன் எஸ்டெல்லாவோடு விளையாட அழைக்கப்படுவது ஒன்று. மிஸ் ஹாவிஷாமை ஏமாற்றியவனே மாக்விட்சுக்குக் கூட்டாளியாக வாய்ப்பது இன்னொன்று. இவை நாவலின் அடித்தளம். இவற்றைக் கடன் கொடுப்பதுபோல் ஆசிரியருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது வகுப்பின் தீர்ப்பு. சுண்ணாம்புக் காளவாயில் பழைய பகையாளி ஆர்லிக் பிப்பைக் கொல்லப்போகும் நொடியில் நண்பர்கள் வந்து சேர்வதைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. பிப் அறையில் தவறவிட்ட கடிதம்தான் ஹெர்பர்ட்டை அங்கே கொண்டுவந்தது என்று காரணம் இருந்தாலும், நேரம் அளவுக்கு மீறிப் பொருந்துகிறது என்றார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். அதைச் சொன்னதற்குப் பிறகு நான் மற்ற இடங்களை ஆதரித்துப் பேசியபோது அவர்கள் கூடுதலாகக் காது கொடுத்தார்கள்.

முடிவுகளைப் பற்றியும் ஒரு வகுப்பு ஒதுக்குவது நல்லது. டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில் பிப்பும் எஸ்டெல்லாவும் லண்டன் பிக்கடிலி தெருவில் சில நிமிடங்கள் சந்தித்துப் பிரிகிறார்கள். நாவலாசிரியர் எட்வர்ட் புல்வர் லிட்டனின் யோசனையால் அதை மாற்றி, இடிந்துபோன மிஸ் ஹாவிஷாம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மாலைப்பொழுதில் சந்திக்கவைத்தார். பழைய முடிவை 1874இல் ஃபார்ஸ்டர் வெளியிட்டார். இரண்டுமே தற்செயலான சந்திப்புகள். இரண்டாவதில் மட்டும், பிப் பட்டறையை விட்டுக் கிளம்பிய காலையில் விலகிய மூடுபனி மாலை மூடுபனியாகத் திரும்ப வருகிறது. பத்தொன்பதாம் அத்தியாயத்தின் கடைசி வரி எழுந்து வந்து நிற்கிறது. எது மேல் என்று வகுப்பு பிளந்துபோகும். பிளக்கட்டும். எனக்குப் பிக்கடிலி முடிவுதான் பிடிக்கும்; மாணவர்களிடம் அதைக் கடைசியில்தான் சொல்வேன்.

தேர்வைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ‘தற்செயலின் பங்கு’ என்று கேள்வி வந்தால் இரண்டு இணைக் காட்சிகளை அத்தியாய எண்ணோடு எடுத்துக்கொண்டு, மாறியது என்ன என்று எழுதிவிட்டு, அதன் பிறகு உறவு வெளிப்படும் இடத்துக்கு வரச் சொல்கிறேன். கதைச்சுருக்கம் ஒரு பத்தியைத் தாண்டக் கூடாது.

சென்ற ஆண்டு கடைசி வகுப்பில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. உணவைத் தேடும்போது எட்டாம் அத்தியாயத்தின் நகலில் ஒரு மாணவி வேறொரு சொல்லுக்குப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். சீட்டாடும்போது எஸ்டெல்லா பிப்பை ஏளனம் செய்யும் வரி: இவன் கைகள் எவ்வளவு முரடாக இருக்கின்றன! அவள் அந்தக் கோட்டோடு நிற்கவில்லை. 26ஆம் அத்தியாயத்தில் ஜாகர்ஸ் விருந்தினர் முன் மாலியின் கையைப் பிடித்து நிறுத்தி, தழும்பேறிய மணிக்கட்டைக் காட்டுகிறார். இவ்வளவு வலுவான மணிக்கட்டு ஆண்களுக்கே அபூர்வம் என்கிறார். 44இல் பிப் மனமுடைந்து பேசும்போது எஸ்டெல்லாவின் விரல்கள் நிற்காமல் பின்னிக்கொண்டே இருக்கின்றன. 48இல் மாலியின் விரல்கள் வெறுங்காற்றில் பின்னுவதுபோல் அசைகின்றன; அந்த அசைவைப் பார்த்துத்தான் இவள் எஸ்டெல்லாவின் தாய் என்று பிப் கண்டுகொள்கிறான்.

“மேடம், கொல்லர் வீட்டுப் பையனின் கைகளைப் பார்த்துச் சிரித்தவளை அவளுடைய கைகளே காட்டிக்கொடுக்கின்றன” என்றாள்.

இத்தனை ஆண்டுகளில் இந்த வரிகள் ஒவ்வொன்றையும் பலமுறை வாசித்திருக்கிறேன், ஒருமுறையும் அடுத்தடுத்து வைத்ததில்லை. மணி அடித்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. 44ஐயும் 48ஐயும் மறுபடி ஒருமுறை வாசிக்கும்படி அவளிடமே கேட்டேன். எழுந்து நின்று வாசித்தாள்.